வலிப்பு நோய் உள்ள பெண்ணும் தாயாகலாம்: மாத்திரையை மறைக்காமல் இருந்தால்

பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் ஜாதகம் பார்ப்போம், பொருத்தம் பார்ப்போம், மாப்பிள்ளையின் வேலை, சம்பளம், குடிப்பழக்கம் எல்லாம் விசாரிப்போம். ஆனால் அந்தப் பெண் பள்ளிக்கூட நாளிலிருந்து காலையும் இரவும் விழுங்கி வரும் வலிப்பு மாத்திரையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. "இப்போதுதான் வருவதில்லையே, சொல்லி எதற்கு வம்பு?" என்று அம்மா சொல்வார். "சொன்னால் வரன் நிற்காது" என்று அத்தை சொல்வார். பெண் தலையாட்டிவிடுவாள்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும்? புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிட வேண்டும். ஒரு நாள் சாப்பிட முடியாமல் போகும். அல்லது, "பிள்ளைக்கு ஆகாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கர்ப்பம் என்று தெரிந்த அன்றே மாத்திரையை மொத்தமாக நிறுத்திவிடுவாள். இதற்கு நேர்மாறாக, கருவுக்குக் கெடுதல் செய்யக்கூடிய மாத்திரை ஒன்றை, அது கெடுதல் என்று தெரியாமலேயே தொடர்ந்து விழுங்குகிற பெண்களும் உண்டு. இதில் எது நடந்தாலும் தாயும் பிள்ளையும் ஆபத்தில் நிற்கிறார்கள். இத்தனைக்கும் காரணம் வலிப்பு நோய் அல்ல. அதைச் சுற்றி நாம் கட்டி வைத்திருக்கும் மௌனம்தான்.

சுங்கை பட்டாணியோ, பீடோங்கோ, பாடாங் செராயோ, லூனாஸோ, கெடாவில் எங்கே இருந்தாலும் இந்த வாரம் இதைக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுவோம்.

பெயரே பயமுறுத்துகிறது

மூளையின் நரம்பணுக்களில் மின்னோட்டம் திடீரென்று தாறுமாறாவதால் வருவது வலிப்பு. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம்.

ஆனால் நாம் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: காக்காய் வலிப்பு. மலாய்க்காரர்களிடம் 'கீலா பாபி' என்ற பழைய பெயர் உண்டு. பன்றிப் பைத்தியம் என்று பொருள். சீனர்களின் பேச்சுவழக்கில் ஆட்டோடு சேர்த்த பெயர். மூன்று இனமும் ஒரே நோய்க்கு ஏதாவது ஒரு பிராணியின் பெயரை ஒட்டி வைத்திருக்கிறோம். பெயரே இப்படி இருந்தால், பெண்ணைப் பெற்றவர்கள் எப்படி வாய் திறப்பார்கள்?

சட்டமும் இந்தப் பயத்துக்குத் துணை போயிருக்கிறது. பிரிட்டனில் வலிப்பு நோயாளி திருமணம் செய்வதைத் தடுத்த சட்டம் 1970ஆம் ஆண்டு வரை இருந்தது. இந்தியாவின் இந்து திருமணச் சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்துக்குத் தகுதியின்மையாக 1976இல் சேர்த்தார்கள். 1999இல்தான் நீக்கினார்கள். சட்டம் மாறி இத்தனை ஆண்டுகள் ஆகியும், பெண் பார்க்க வரும் கூடத்தில் அது இன்னும் அமலில்தான் இருக்கிறது.

பிள்ளை பிறக்குமா?

முதல் கேள்வி இதுதான். இதற்கு நமக்கு நெருக்கமான பதில் கேரளத்திலிருந்து கிடைக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், 1998ஆம் ஆண்டு டாக்டர் சஞ்சீவ் தாமஸ் தலைமையில் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. வலிப்பு நோய் உள்ள பெண்கள் கர்ப்பம் தரிக்கும் முன்போ, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ அதில் பதிந்துகொள்வார்கள். தாயையும், பிறக்கும் பிள்ளையையும் மருத்துவர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கவனிப்பார்கள்.

அந்தப் பதிவேட்டில் கர்ப்பத்துக்கு முன்பே சேர்ந்த 375 பெண்களைப் பற்றிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. அவர்களில் 231 பேர் கருத்தரித்தார்கள். 144 பேருக்குக் கரு நிற்கவில்லை. அதாவது 100க்கு 38 பேர். கொஞ்சம் கலங்க வைக்கும் எண்ணிக்கைதான். ஆனால் அதற்குள்ளே இருக்கும் கணக்கைப் பார்க்க வேண்டும். வலிப்பு மருந்தே சாப்பிடாதவர்களில் கருத்தரிக்காதவர்கள் 100க்கு 7 பேர். ஒரு மருந்து சாப்பிட்டவர்களில் 32 பேர். இரண்டு மருந்து என்றால் 41 பேர். மூன்றும் அதற்கு மேலும் சாப்பிட்டவர்களில் 60 பேர்.

வயது கூடக் கூட வாய்ப்பு குறைந்தது. படிப்பு குறைந்த பெண்களுக்கும் குறைந்தது. ஃபினோபார்பிட்டோன் என்ற பழைய மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கும் குறைந்தது. இன்னொரு பக்கம், கருத்தரித்தவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு ஆண்டுக்குள்ளேயே கருத்தரித்துவிட்டார்கள்.

இப்போது அமெரிக்காவைப் பாருங்கள். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிள்ளைக்கு முயற்சி செய்த 89 வலிப்பு நோயாளிப் பெண்களையும் நோயில்லாத 108 பெண்களையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டுக்குள் கருத்தரித்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, 100க்கு 60 பேர். வித்தியாசமே இல்லை.

ஏன் இந்த முரண்? அமெரிக்க ஆய்வில், குழந்தைப்பேற்றுக்குத் தடையான வேறு கோளாறுகள் இருப்பதாகத் தெரிந்த பெண்களைச் சேர்க்கவில்லை. பெரும்பாலோர் ஒரே ஒரு மருந்தில் இருந்தார்கள், அதுவும் புதிய வகை மருந்து. கேரளப் பெண்களில் பலர் பழைய மருந்துகளில், ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் இருந்தார்கள். பல மருந்து சாப்பிடுகிறவருக்கு நோயும் கடுமையாக இருக்கும் என்பதால், பழி முழுவதையும் மருந்தின் மேல் போட முடியாது. ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்குகிறது. வலிப்பு என்ற பெயர் ஒரு பெண்ணை மலடி ஆக்குவதில்லை. எந்த மருந்து, எத்தனை மருந்து, எந்த வயதில் முயற்சி, வேறு கோளாறு உண்டா என்பவைதான் கணக்கு. இவற்றில் பலவற்றை டாக்டரோடு பேசி மாற்றிக்கொள்ள முடியும். ஆனால் பேச வேண்டும்.

மாதவிலக்கைக் கவனியுங்கள்

மூளையில் வலிப்பு எழும் இடமும், மாதவிலக்கை நடத்தும் ஹார்மோன்களுக்குக் கட்டளையிடும் இடமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அதனால் சிலருக்கு விலக்கு தள்ளிப்போகும், சில மாதங்களில் சினைமுட்டை வெளிவராது. வால்புரோயேட் மருந்தும் இதில் ஒரு காரணம். எபிலிம் என்ற பெயரில் நம்மில் பலருக்குப் பழக்கமான மாத்திரை அது. பின்லாந்தில் 1993இல் வெளிவந்த ஆய்வில், இந்த மருந்தை மட்டும் சாப்பிட்ட பெண்களில் 43 விழுக்காட்டினருக்குச் சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருந்தன.

விலக்கு தவறுவது, திடீரென்று எடை ஏறுவது, முகத்தில் முடி வளர்வது, முகப்பரு அடங்காமல் இருப்பது ஆகியவற்றை "வயசுப் பெண்ணுக்கு இதெல்லாம் வரும்" என்று விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். விலக்கை ஒட்டிய நாள்களில் மட்டும் வலிப்பு கூடுகிறதா என்றும் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் வலிப்பைத் தூண்டும் பக்கம், புரோஜெஸ்டெரோன் அடக்கும் பக்கம். விலக்குக்கு முன் புரோஜெஸ்டெரோன் சட்டென்று இறங்குவதால் சிலருக்கு அப்போது வலிப்பு வரும். விலக்குத் தேதியையும் வலிப்பு வந்த தேதியையும் ஒரே நாட்காட்டியில் மூன்று மாதம் குறித்து எடுத்துப்போனால், டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

பிள்ளைக்கு எந்த மாத்திரை ஆகாது?

பொதுவாகப் பிறக்கும் 100 குழந்தைகளில் 2 அல்லது 3 பேருக்கு ஏதாவது பெரிய பிறவிக்குறை இருக்கும். வலிப்பு மருந்து சாப்பிடும் தாய்மாரின் கணக்கைப் பல நாடுகள் சேர்ந்து பதிவு செய்கின்றன. அந்தப் பதிவிலிருந்து 2018இல் வெளியான எண்கள் இவை: லெவெடிராசெட்டம் 2.8 விழுக்காடு, லாமோட்ரிஜின் 2.9, கார்பமசெபின் 5.5, ஃபெனிட்டோயின் 6.4, ஃபினோபார்பிட்டோன் 6.5, வால்புரோயேட் 10.3. அளவு கூடினால் ஆபத்தும் கூடும்.

வால்புரோயேட் பிள்ளையின் மூளை வளர்ச்சியையும் தொடும். அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஆறு வயதில் பிள்ளைகளின் அறிவுத்திறனைச் சோதித்தபோது, வால்புரோயேட் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகள் சராசரி 97 புள்ளி பெற்றார்கள். லாமோட்ரிஜின் பிள்ளைகள் 108. அதனால்தான் பிரிட்டன் 2018இல், முறையான கருத்தடைத் திட்டத்தில் இல்லாத இளம்பெண்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம், உயிரே போகலாம். கர்ப்பிணி விழுந்தால் அடி வயிற்றுப் பிள்ளைக்கும்தான். சிலரின் வலிப்புக்கு வால்புரோயேட் தவிர வேறு மருந்து கேட்காது என்பதும் உண்மை. மாத்திரையை மாற்றுவது, அளவைக் குறைப்பது எல்லாம் டாக்டர் கையில் இருக்க வேண்டும். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். மாற்றிய பிறகு வலிப்பு அடங்கி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இங்கேதான் நேரக் கணக்கு முக்கியம். கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்கு விலக்கு தள்ளிப்போனதே அப்போதுதான் தெரிய வரும். கிளினிக்கில் பதிந்து, பிங்க் புத்தகம் கையில் வாங்கும்போது அந்த வேலை முடிந்து வாரங்கள் ஆகியிருக்கும். ஆகவே, "பிள்ளை உண்டாகட்டும், பிறகு டாக்டரைப் பார்ப்போம்" என்ற பேச்சு வலிப்பு நோய் உள்ள பெண்ணுக்கு ஒத்துவராது. குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஓராண்டு முன்னதாகவே பேச வேண்டும்.

ஃபோலிக் அமில மாத்திரையும் அப்படித்தான். மேலே சொன்ன 2013 ஆய்விலேயே, கரு உண்டாகும் சமயத்தில் ஃபோலிக் அமிலம் சாப்பிட்டு வந்த தாய்மாரின் பிள்ளைகள் சராசரி 108 புள்ளி பெற்றார்கள். சாப்பிடாதவர்களின் பிள்ளைகள் 101. எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்பதை உங்கள் மருந்தைப் பார்த்து டாக்டர் சொல்வார்.

கெடாவில் எங்கே போவது?

முன்பு தோட்டத்தில் டிரஸ்ஸர் இருந்தார். லயத்தில் யாருக்கு என்ன நோய் என்பது அவருக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்த பிறகு அந்தக் கண்காணிப்பு போய்விட்டது. ஆனால் அரசாங்கச் சுகாதார கிளினிக் பக்கத்திலேயே இருக்கிறது. கருத்தரிப்புக்கு முந்தைய கவனிப்பு அங்கே தனிச் சேவையாக உண்டு. மலாயில் 'பிராகெஹாமிலான்' என்று கேளுங்கள், மிஸ்ஸி புரிந்துகொள்வார். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா, சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம், கூலிம் மருத்துவமனைகளுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள்.

போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள். கேட்க வேண்டியவை நான்கு: என் மருந்து கருவுக்குப் பாதுகாப்பானதா? ஒரே மருந்தாகக் குறைக்க முடியுமா? ஃபோலிக் அமிலம் எவ்வளவு? எப்போது முயற்சி செய்யலாம்?

அந்த நாள் வரும்வரை கருத்தடை தேவைப்படும். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கார்பமசெபின், ஃபெனிட்டோயின், ஃபினோபார்பிட்டோன் போன்றவை கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். கையில் பதிக்கும் கருத்தடைக் குச்சிக்கும் அதே கதி. மறுபக்கம், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினின் அளவை இரத்தத்தில் இறக்கிவிடும். அதனால் வலிப்பு வரலாம். கருப்பையில் வைக்கும் வளையத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கருத்தடை கேட்கப் போகிற இடத்தில், வலிப்பு மாத்திரையின் பெயரையும் சொல்லிவிடுங்கள்.

கர்ப்பமும் பத்தியமும்

கர்ப்பத்தில் வலிப்பு கூடுமா? 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், கர்ப்பிணிகளில் 23 விழுக்காட்டினருக்கு வலிப்பு கூடியது. கர்ப்பம் இல்லாத வலிப்பு நோயாளிப் பெண்களை அதே கால அளவுக்குக் கவனித்தபோது அவர்களில் 25 விழுக்காட்டினருக்குக் கூடியது. ஆக, கர்ப்பத்தால் தனியாக எதுவும் கூடவில்லை. ஆனால் கர்ப்பிணிகளில் 74 விழுக்காட்டினருக்கு மருந்தின் அளவை இடையில் மாற்றியிருந்தார்கள். கர்ப்பத்தில் உடல் மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும், குறிப்பாக லாமோட்ரிஜினையும் லெவெடிராசெட்டத்தையும். அளவைக் கவனித்து ஏற்றியதால்தான் வலிப்பு அடங்கியிருந்தது. கிளினிக் தேதியைத் தவறவிடக் கூடாது என்பது இதற்காகத்தான்.

பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவம் ஆகும். வலிப்பு நோய் என்பதற்காக மட்டும் அறுவை வேண்டியதில்லை. பெரும்பாலான வலிப்பு மருந்துகளோடு தாய்ப்பாலும் கொடுக்கலாம். "மாத்திரை சாப்பிடுகிறவள் பால் கொடுக்கக் கூடாது" என்று நாமாக முடிவு கட்டக் கூடாது.

பத்தியக் காலத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். வலிப்பைக் கிளப்பும் முதல் எதிரி தூக்கமின்மை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பால் வெட்டப் போன பாட்டிமாருக்கும், இன்று கூலிம் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் பேத்திமாருக்கும் இது பொருந்தும். கைக்குழந்தை வந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே இரவில் ஒரு வேளைப் பாலைக் கறந்து வைத்து, மாப்பிள்ளையோ மாமியாரோ புகட்டட்டும். தாய்க்குத் தொடர்ந்து நான்கைந்து மணி நேரமாவது தூக்கம் கிடைக்கட்டும். பிள்ளைக்குத் துணி மாற்றுவதைக் கட்டிலில் வைத்துச் செய்யாமல் தரையில் பாய் விரித்துச் செய்யலாம். பிள்ளையைத் தனியாகக் குளிப்பாட்ட வேண்டாம், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். தாய் குளிக்கும்போது கதவைத் தாழ்போட வேண்டாம். பத்தியத்துக்கு என்று எந்த மருந்துக் கஷாயம் கொடுப்பதாக இருந்தாலும், வலிப்பு மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக் கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் கரண்டி வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கர்ப்பிணி என்றால் இடப்பக்கமாக. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 999. இதுவரை வலிப்பே வந்திராத கர்ப்பிணிக்கு வந்தால் காத்திருக்கவே கூடாது. அது இரத்த அழுத்தத்தால் வரும் வேறு ஆபத்தாக இருக்கலாம்.

சொல்லிவிடலாமா?

பிள்ளைக்கும் நோய் வருமா என்று சம்பந்தி வீடு கேட்கும். வலிப்பு உள்ள தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகளில் 100க்கு 90 பேருக்கு மேல் அது வருவதில்லை. உங்கள் மகளின் வலிப்பு எந்த வகை என்பதைப் பொறுத்து டாக்டர் இன்னும் தெளிவாகச் சொல்வார்.

நிச்சயத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுவது நல்லது. பெண்ணைப் பெற்றவர்களாகிய நீங்கள் கூனிக் குறுகிச் சொல்ல வேண்டியதில்லை. "எங்கள் பெண்ணுக்கு வலிப்பு நோய் இருக்கிறது, இந்த மருந்து சாப்பிடுகிறாள், இத்தனை ஆண்டாக வரவில்லை, சந்தேகம் இருந்தால் ஒருமுறை எங்களோடு டாக்டரிடம் வாருங்கள்" என்று நீரிழிவைச் சொல்வதுபோல் சொல்லுங்கள். போகிற வரன் போகட்டும். மாத்திரையைப் பார்த்து ஓடுகிறவர், நடுராத்திரியில் அவள் விழுந்தால் தாங்கிப் பிடிப்பார் என்று எப்படி நம்புவது?

ஏற்கெனவே திருமணமாகி, இன்னும் மறைத்து வைத்துச் சாப்பிடும் தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கணவரை மட்டும் முதலில் அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். உங்களால் சொல்ல முடியாததை டாக்டர் சொல்லட்டும். மாத்திரை அட்டை இனி துணி அலமாரியின் அடியில் வேண்டாம். சாப்பாட்டு மேசையில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். நீங்கள் ஒரு வேளை மறந்தால், நினைவுபடுத்த வீட்டில் இன்னொருவர் இருப்பார்.